அட்மிஷன் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன்: மருத்துவமனைச் சொற்களுக்கு ஒரு வழிகாட்டி

அப்பாவுக்குப் பித்தப்பையில் கல். திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தது. நான்கு லட்ச ரூபாய் பாலிசி இருக்கிறது, பில்லை நிறுவனமே நேரடியாகக் கட்டும் கேஷ்லெஸ் வசதியும் உண்டு என்ற தெம்பில் போனோம். டிஸ்சார்ஜ் ஆகி வெளியே வரும்போது என் கையிலிருந்து 44,500 ரூபாய் போயிருந்தது. யாரும் ஏமாற்றவில்லை. பொருள் தெரியாமல் நான் தலையாட்டிய சில சொற்கள்தான் அந்தப் பணத்தைக் கொண்டுபோயின. அந்தச் சொற்களை, அவை உங்கள் முன்னால் வந்து நிற்கும் வரிசையிலேயே எழுதுகிறேன்.

பாலிசி எதுவும் இல்லாதவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய் வரை உதவி கிடைக்கும். குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள திட்ட மையத்துக்குப் போக வேண்டும். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், கட்டணம் 60 ரூபாய். நோய் வந்த பிறகு சான்றுக்கு அலைவதைப் போன்ற கொடுமை வேறில்லை. இன்றே எடுத்து வையுங்கள்.

1. பாலிசியில் முதலில் தேட வேண்டியது அறை வாடகை வரம்பு

காப்பீட்டுத் தொகை எவ்வளவு என்பது எல்லோருக்கும் தெரியும். அறை வாடகைக்கு வரம்பு உண்டா என்பது யாருக்கும் தெரியாது. பல பாலிசிகளில், குறிப்பாகப் பழைய பாலிசிகளில், காப்பீட்டுத் தொகையில் ஒரு சதவீதம்தான் ஒரு நாள் அறை வாடகை. நான்கு லட்சம் என்றால் 4,000 ரூபாய். இதைத்தான் மருத்துவமனையில் ‘எலிஜிபிலிட்டி’, அதாவது தகுதி என்பார்கள்.

எங்களுக்குக் காட்டிய அறையின் வாடகை 6,000 ரூபாய். ஜன்னல் பெரிது, அம்மா படுக்க ஒரு சோபா வேறு. “நாளுக்கு இரண்டாயிரம்தானே, நாமே கொடுத்துவிடலாம்” என்றேன். அந்த வாய்க்குத்தான் விலை கொடுத்தேன்.

இங்கேதான் ‘புரொபோர்ஷனேட் டிடக்‌ஷன்’ வருகிறது, அதாவது விகிதாசாரப் பிடித்தம். தகுதிக்கு மேலான அறையை எடுத்தால் வாடகை வித்தியாசத்தோடு கதை முடியாது. அறுவை சிகிச்சை நிபுணர் கட்டணம், மயக்க மருந்து நிபுணர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம், செவிலியர் கட்டணம் எல்லாமே அதே விகிதத்தில் வெட்டப்படும். எங்கள் கணக்கு இது: 6,000 ரூபாய் அறைக்கு 4,000 ரூபாய் தகுதி, அதாவது மூன்றில் இரண்டு பங்கு. மேற்சொன்ன கட்டணங்கள் 90,000 ரூபாய். காப்பீட்டு நிறுவனம் கொடுத்தது 60,000. மீதி 30,000 என் தலையில். நான்கு நாள் வாடகை வித்தியாசம் 8,000. இது போக, நாளுக்கு 5,000 ரூபாய்க்கு மேல் வாடகை உள்ள சாதாரண அறைக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. அது 1,200. மிச்சம் 5,300 எதற்குப் போனது என்பதை டிஸ்சார்ஜ் கட்டத்தில் சொல்கிறேன்.

மருந்து, உடலுக்குள் பொருத்தும் சாதனங்கள், பரிசோதனைகள் ஆகியவற்றின் மீது இந்த வெட்டு விழக் கூடாது. ஐ.சி.யூ. கட்டணத்துக்கும் கிடையாது. அறைக்கு ஏற்ப மருத்துவர் கட்டணம் மாறாத மருத்துவமனைகளில் இந்த வெட்டே கூடாது என்பதும் விதி. எனவே இன்சூரன்ஸ் டெஸ்க்கில் இப்படிக் கேளுங்கள்: “அறை மாறினால் ஆபரேஷன் கட்டணமும் மாறுமா?” மாறும் என்றால் உங்கள் தகுதிக்குள் உள்ள அறையையே எடுங்கள். அந்த அறை காலி இல்லை என்றால், அதை எழுத்தில் வாங்கிக்கொண்டு நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டு மேல் அறைக்குப் போங்கள்.

அதே பக்கத்தில் இன்னும் இரண்டு சொற்கள் இருக்கும். ‘கோ-பே’ என்றால் ஒவ்வொரு கிளைமிலும், அதாவது நிறுவனத்திடம் பணம் கேட்கும் ஒவ்வொரு முறையும், உங்கள் பங்கு இத்தனை சதவீதம் என்று முன்பே ஒப்புக்கொண்டது. மூத்த குடிமக்கள் பாலிசிகளில் அதிகம் காணலாம். ‘சப்-லிமிட்’ என்றால் குறிப்பிட்ட சிகிச்சைக்குத் தனி உச்சவரம்பு. கண்புரை அறுவை சிகிச்சைக்கு இது பெரும்பாலும் இருக்கும். பாலிசி பத்து லட்சமாக இருந்தாலும் கண்ணுக்கு அந்த வரம்புதான்.

2. காத்திருப்புக் காலம் முடிந்துவிட்டதா?

மூன்று வகைக் காத்திருப்பு உண்டு, மூன்றையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். பாலிசி எடுத்த முதல் 30 நாட்களுக்கு விபத்தைத் தவிர எதற்கும் பணம் வராது. பித்தப்பைக் கல், குடலிறக்கம், மூலம், கண்புரை, மூட்டு மாற்று போன்றவற்றுக்குத் தனிக் காத்திருப்பு, பெரும்பாலும் இரண்டு ஆண்டு. மூன்றாவது, ஏற்கெனவே இருந்த நோய்க்கானது. டெஸ்க்கில் ‘பி.இ.டி.’ என்பார்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024 விதிகளின்படி இதற்கு அதிகபட்சம் 36 மாதம்.

அதே விதிகளில் ‘மொரட்டோரியம்’ என்று ஒரு சொல் இருக்கிறது. 60 மாதம் இடைவிடாமல் பிரீமியம் கட்டியிருந்தால், நோயை மறைத்தீர்கள் என்று சொல்லி நிறுவனம் கிளைமை மறுக்க முடியாது. மோசடி என்று நிரூபித்தால் மட்டுமே மறுக்கலாம். ‘இடைவிடாமல்’ என்பதுதான் இங்கே உயிர். ஆண்டு பிரீமியத்துக்கு 30 நாள் சலுகைக் காலம் உண்டு. அதையும் தவறவிட்டால் எல்லாம் முதலிலிருந்து.

3. ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயப்படாதீர்கள்

அப்பாவின் ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘கோலிலித்தியாசிஸ்’ என்று இருந்தது. தம்பி அதை வாய்விட்டுப் படித்த விதத்தில் அம்மா அழவே ஆரம்பித்துவிட்டாள். அதன் பொருள் பித்தப்பைக் கல், அவ்வளவுதான். அதை அகற்றும் அறுவை சிகிச்சைக்கு மருத்துவமனைக்காரர்கள் வைத்திருக்கும் செல்லப் பெயர் ‘லேப் கோலி’. கோலிக்குண்டு ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை.

இந்தப் பெயர்களின் வாலைப் பிடித்தால் பாதி விளங்கிவிடும். ‘ஐட்டிஸ்’ என்று முடிந்தால் அழற்சி. ‘எக்டமி’ என்றால் அகற்றுதல். ‘ஸ்கோபி’ என்றால் குழாய் விட்டுப் பார்ப்பது. ‘லித்’ எங்கே வந்தாலும் கல்.

வால் இல்லாத சில சொற்கள்தான் ஆளை ஏமாற்றும். ‘அக்யூட்’ என்றால் கடுமையானது என்று நினைக்கிறோம். திடீரென்று வந்தது என்பதே பொருள். ‘க்ரானிக்’ என்றால் நெடுநாளாக இருப்பது. தீராதது என்று பொருளல்ல. ‘எலெக்டிவ்’ அறுவை சிகிச்சை என்றால் விருப்பப்பட்டால் செய்துகொள்ளலாம் என்பதல்ல, அவசரமில்லாமல் நாள் குறித்துச் செய்வது. ‘பினைன்’ என்றால் புற்றுநோய் அல்ல. ‘மாலிக்னன்ட்’ என்றால் புற்றுநோய். பரிசோதனையில் ‘நெகட்டிவ்’ என்றால் தேடியது இல்லை, பெரும்பாலும் நல்ல செய்தி. ஐ.சி.யூ. வாசலில் ‘ஸ்டேபிள்’ என்று சொன்னால் நிலைமை இப்போதைக்கு மாறாமல் இருக்கிறது என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தேறிவிட்டார் என்று ஊருக்கு போன் செய்துவிடாதீர்கள்.

4. ப்ரீ-ஆத்: டியூட்டி டாக்டரிடம் பேசும் இரண்டு நிமிடம்

கேஷ்லெஸ் என்றால் மருத்துவமனையும் காப்பீட்டு நிறுவனமும் நேரடியாகக் கணக்குத் தீர்த்துக்கொள்வது. இடையில் ‘டி.பி.ஏ.’ என்ற மூன்றாம் தரப்பு நிர்வாகி இருக்கலாம். அனுமதி கேட்டு மருத்துவமனை அனுப்பும் படிவம்தான் ‘ப்ரீ-ஆத்’. திட்டமிட்ட அட்மிஷன் என்றால் இரண்டு மூன்று நாட்களுக்கு முன்பே அனுப்பச் சொல்லுங்கள். அவசர அட்மிஷன் என்றால் 24 மணி நேரத்துக்குள் தகவல் போய்விட வேண்டும் என்று பெரும்பாலான பாலிசிகள் சொல்கின்றன. கோரிக்கை கிடைத்த ஒரு மணி நேரத்துக்குள் நிறுவனம் பதில் சொல்ல வேண்டும் என்பது 2024ஆம் ஆண்டு விதி.

கையில் இருக்க வேண்டியவை: பாலிசி அட்டை, நோயாளியின் ஆதார், பாலிசிதாரரின் பான் கார்டு, முதன்முதலாகப் பார்த்த மருத்துவரின் சீட்டு, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை முடிவுகள். எல்லாவற்றுக்கும் இரண்டு நகல். மருத்துவமனை ஜெராக்ஸ் கடையில் நிற்கும் வரிசை தனி அனுபவம்.

அந்தப் படிவத்தில், இந்தத் தொந்தரவு எவ்வளவு காலமாக இருக்கிறது என்று ஒரு கட்டம் உண்டு. டியூட்டி டாக்டர் இளம்பெண். பேனாவைத் திறந்தபடி கேட்டார். அப்பா கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, “ஐந்தாறு வருஷமாகவே வயிறு இப்படித்தான் அம்மா, வாய்வு” என்றார். டாக்டர் ஐந்து வருடம் என்று எழுதினார். பாலிசிக்கு வயது மூன்றரை. பித்தப்பைக் கல் பாலிசிக்கு முன்பே இருந்ததா, ஏன் சொல்லவில்லை என்று மாலைக்குள் நிறுவனத்திடமிருந்து கேள்வி. டெஸ்க்கில் அதை ‘குவெரி’ என்றார்கள். அப்பா சொன்னது ஐந்து வருட வாய்வு. கல் தெரிந்தது மூன்று வாரத்துக்கு முன்னால்.

இதற்காகப் பொய் சொல்லச் சொல்லவில்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் எப்போதிலிருந்து என்று சரியாகச் சொல்லுங்கள், அறுவை சிகிச்சைக்கே அது தேவை. ஆனால் இப்போதைய வலி எந்தத் தேதியில் தொடங்கியது என்பதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, பேச்சுவாக்கில் வரும் ‘எப்போதிலிருந்தோ’வைத் தவிர்த்துவிடுங்கள். தவறாக எழுதிவிட்டால், சிகிச்சை தரும் மருத்துவரிடமே விளக்கக் கடிதம் வாங்குங்கள். கையெழுத்து, முத்திரை, பதிவு எண் மூன்றும் வேண்டும். எங்களுக்கு அந்தக் கடிதம்தான் கை கொடுத்தது.

5. வார்டில்

‘என்.பி.ஓ.’ என்று கட்டில் முனையில் ஓர் அட்டை தொங்கும். வாய் வழியாக எதுவும் கூடாது என்று பொருள். அப்பாவுக்குக் காலை ஏழு மணிக்குத் தியேட்டர். ஐந்தரைக்கு, யாரும் பார்க்காதபோது, பக்கத்து அறைக்காரரின் பிளாஸ்கிலிருந்து அரை டம்ளர் காபி குடித்துவிட்டார். “காபி சாப்பாடா?” என்று மயக்க மருந்து நிபுணரிடமே வாதாடினார். பால் கலந்தது எதுவும் தண்ணீர்க் கணக்கில் சேராது. வயிற்றில் இருப்பது மயக்கத்தில் மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. அறுவை சிகிச்சை மறுநாளைக்குத் தள்ளிப்போனது. நான்கு நாளில் ஒரு நாள் வாடகை அந்தக் காபியின் விலை.

ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேளுங்கள், இல்லையென்றால் படித்துப் பொருள் சொல்லச் சொல்லுங்கள். சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பி அறுவை சிகிச்சையின் படிவத்தில், தேவைப்பட்டால் வயிற்றைத் திறந்து செய்யும் அறுவை சிகிச்சையாக மாற்றுவோம் என்று ஒரு வரி இருக்கும். அது வழக்கமான வரிதான். ஆனால் அப்படி மாறினால் தங்கும் நாளும் செலவும் கூடும் என்பதை அப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

விபத்து என்றால் ‘எம்.எல்.சி.’ என்பார்கள். காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டிய பதிவு. பயந்து, மாடியில் விழுந்தார் என்று கதை கட்டாதீர்கள், பின்னால் கிளைமுக்கு அதன் நகலைத்தான் கேட்பார்கள்.

6. டிஸ்சார்ஜ் அன்று

மருத்துவர் காலை பத்து மணிக்கு “வீட்டுக்குப் போகலாம்” என்பார். நீங்கள் போவது மாலையில். பில் தயாராகி, நிறுவனத்துக்குப் போய், இறுதி அனுமதி வர வேண்டும். மருத்துவமனையின் கோரிக்கை கிடைத்த மூன்று மணி நேரத்துக்குள் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும். அதற்கு மேல் தாமதித்து, மருத்துவமனை கூடுதல் கட்டணம் போட்டால் அதை நிறுவனமே ஏற்க வேண்டும். ஆனால் மருத்துவமனை பில்லை எப்போது அனுப்பியது என்பதே பெரும்பாலும் சிக்கல். அனுப்பிய நேரத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

பில்லின் அடியில் ‘நான்-பேயபிள்’ என்று ஒரு பட்டியல் வரும். கையுறை, முகக்கவசம், டயபர், தெர்மாமீட்டர், உடன் இருப்பவரின் சாப்பாடு, நகல் கட்டணம் எல்லாம் இதில் அடங்கும். அறுவை சிகிச்சை முடிந்ததும் அப்பாவிடம் மூன்று உருண்டைகள் கொண்ட ஒரு பிளாஸ்டிக் கருவியைக் கொடுத்தார்கள். மூச்சை இழுத்தால் உருண்டைகள் மேலே எழும். பேரன் அதை விளையாட்டுச் சாமான் என்றே நினைத்தான். ஸ்பைரோமீட்டர் என்று அதுவும் பட்டியலில். முன்னால் பாக்கி வைத்த 5,300 ரூபாய் இப்படித்தான் போனது. சில பாலிசிகளில் கூடுதல் பிரீமியம் கட்டினால் இவற்றுக்கும் பணம் கிடைக்கும்.

அட்வான்ஸ் கட்டியிருந்தால் அதைத் திருப்பி வாங்காமல் நகராதீர்கள். மொத்தத் தொகை மட்டும் உள்ள பில் பின்னால் எதற்கும் உதவாது, விவரப் பட்டியலோடு கேளுங்கள்.

பிறகு ‘டிஸ்சார்ஜ் சம்மரி’. எல்லோரும் மருந்துப் பகுதியை மட்டும் பார்ப்பார்கள். நீங்கள் முதல் பத்தியைப் படியுங்கள். ‘கே/சி/ஓ’ என்று எழுதியிருந்தால் இந்த நோய் ஏற்கெனவே உள்ளவர் என்று பொருள். ‘எச்/ஓ’ என்றால் முன்பு இருந்ததாகச் சொல்லப்படுவது. அப்பாவுக்குச் சர்க்கரை இரண்டு ஆண்டாகத்தான். சம்மரியில் பன்னிரண்டு ஆண்டு என்று தட்டச்சு ஆகியிருந்தது. டிஸ்சார்ஜுக்கு முன் என்பதால் பத்து நிமிடத்தில் திருத்திக் கொடுத்தார்கள். வீட்டுக்குப் போன பிறகு திருத்தம் கேட்டால் அலைச்சல்தான்.

மருத்துவர் சொல்லும் முன் வற்புறுத்திக் கிளம்பினால் ‘மருத்துவ ஆலோசனைக்கு எதிராக’ என்று எழுதிவிடுவார்கள். கிளைமில் கேள்வி எழ அது ஒன்று போதும்.

7. மருந்துச் சீட்டு

‘ஓ.டி.’ ஒரு நாளைக்கு ஒரு முறை. ‘பி.டி.’ இரண்டு முறை. ‘டி.டி.எஸ்.’ மூன்று முறை. ‘எச்.எஸ்.’ படுக்கப் போகும்போது. ‘ஏ.சி.’ சாப்பாட்டுக்கு முன், ‘பி.சி.’ பின். ‘எஸ்.ஓ.எஸ்.’ என்றால் தேவைப்பட்டால் மட்டும். இதை அவசரம் என்று நினைத்து உடனே போட்டுவிடுகிறவர்கள் உண்டு. உடனே என்பதற்கு ‘ஸ்டாட்’ என்று எழுதுவார்கள். கண் மருத்துவர் சீட்டில் ‘ஓ.டி.’ என்றால் வலது கண், ‘ஓ.எஸ்.’ இடது கண். சந்தேகம் வந்தால் மருந்துக் கடையில் மாத்திரை அட்டையின் மேலேயே தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

8. வீட்டுக்கு வந்த பிறகும் பணம் வரும்

பலர் விட்டுவிடும் பணம் இது. அட்மிஷனுக்கு முன் 30 அல்லது 60 நாட்கள், டிஸ்சார்ஜுக்குப் பின் 60 அல்லது 90 நாட்கள், சில பாலிசிகளில் அதற்கு மேலும், அதே நோய்க்காகச் செய்த செலவைத் திரும்பப் பெறலாம். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, மருந்து, மறுபரிசோதனைக் கட்டணம் எல்லாம் சேரும். சீட்டும் பில்லும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். சீட்டில் இல்லாத மருந்துக்குப் பில் இருந்தால் அது போச்சு. அசல் ரசீதுகளோடு, பெயர் அச்சிட்ட ரத்து செய்த காசோலை ஒன்றையும் வைத்து அனுப்புங்கள். அனுப்பும் முன் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பாலிசியில் அதற்கான கெடுத் தேதி இருக்கும், சுவர் நாட்காட்டியில் வட்டம் போடுங்கள்.

அகற்றிய உறுப்பை ‘பயாப்சி’ என்ற திசுப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள், முடிவு வரச் சில நாட்கள் ஆகும். புற்றுநோய்ச் சந்தேகமோ என்று குலை நடுங்க வேண்டாம். பித்தப்பையை எடுத்தால் அப்படி அனுப்புவது வழக்கம். முடிவை வாங்காமல் விடாதீர்கள். அந்தக் கட்டணத்தையும் இதே கிளைமில் சேர்க்கலாம்.

9. மறுத்துவிட்டால்

மறுப்புக்கோ பிடித்தத்துக்கோ பாலிசியின் எந்த விதி காரணம் என்று நிறுவனம் எழுத்தில் சொல்ல வேண்டும். “விதிகளின்படி” என்று பொதுவாக எழுதியிருந்தால் விதி எண்ணைக் கேட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். முதல் படி, நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலர். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா இணையதளத்திலும் புகாரைப் பதியலாம். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. நிறுவனத்தின் முடிவு வந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். 50 லட்ச ரூபாய் வரையிலான கிளைம்களை அங்கே விசாரிப்பார்கள். கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் தேவையில்லை. பாலிசி நகல், மறுப்புக் கடிதம், நீங்கள் அனுப்பிய புகார், டிஸ்சார்ஜ் சம்மரி, பில் ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்கிக் கொடுங்கள்.

எங்கள் 44,500 ரூபாய்க்காக நான் அங்கே போகவில்லை. அறைத் தகுதி 4,000 என்று பாலிசியின் இரண்டாம் பக்கத்திலேயே அச்சாகியிருந்தது.